விதவையின் செவலைப் பசு

செப்டம்பர் 3, 1934

வா நாட்குறிப்பே, சௌக்கியமா? புகையிலை அறுப்பில் உன்னை மறந்தே போனேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. பதினைந்தாம் தேதி சந்தையில் பிடில் போட்டி. ரேடியோக்காரர் வருகிறாராம், ஜெயித்த மெட்டு யாருடையது என்று கென்டக்கி முழுக்கச் சொல்வாராம். ‘வெள்ளம் கொண்டுபோன வேலி’ என் அப்பா கட்டிய மெட்டு. மலைக்கு அந்தப் பக்கத்து க்ளோவிஸ் அதையே ‘விதவையின் செவலைப் பசு’ என்கிறான். அவன் அத்தை கட்டியதாம்!

செப்டம்பர் 5

அவன் வாசிப்பில் நடுவே ஒரு தாளம் கூடுதலாக நிற்கும். ஆடுகிறவன் கால் அந்தரத்தில் தொங்கும். “விக்கல் வந்த மெட்டுய்யா” என்றேன் மாவு மில்லில். எல்லாரும் சிரித்தார்கள். “ஆனா அவன் கை இருக்கே...” என்றான் மில்காரன். அந்த ‘ஆனா’ இன்னும் உள்ளே அறுக்கிறது.

செப்டம்பர் 8

கொட்டகையில் நடனம். க்ளோவிஸ் சாப்பிடப் போனதும் அவன் பிடிலை எட்டிப் பார்த்தேன். தந்திகள் தொளதொளவென்று கிடந்தன. வைத்த சுதியை அடுத்தவன் பார்த்துவிடக் கூடாதென்று, பிடிலைக் கீழே வைக்குமுன் தந்தி முறுக்கும் பிருடைகளைத் தளர்த்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் செய்வதுதான். இருந்தாலும், திருட்டுப் பயல்!

“என்ன மாப்ள, என் பிடில்ல எலி கிலி இருக்கா?” ஆப்பிள் பை பலகாரத்தை மென்றுகொண்டு பின்னால் நிற்கிறான்.

“எலி அண்டாம இருக்க எல்லாரும் போடற மாதிரி, பாம்பு வால் கிலுகிலுப்பை உள்ள போட்டிருக்கியான்னு பாத்தேன்.”

“போட்டிருக்கேன். பாம்பையே போட்டிருக்கணும் போல.”

செப்டம்பர் 9

என் மனைவி வெல்மா மாவு பிசைந்தபடி முணுமுணுத்தாள். அந்த மெட்டு. விக்கலோடு! கல்யாணத்துக்கு முன்னால் அவளை வண்டியில் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனவன் க்ளோவிஸ். கத்திவிட்டேன்.

“ஏய்யா, அது அவன் மெட்டுமில்ல, உங்கப்பா மெட்டுமில்ல. எங்கப்பா செத்த வருஷம், எங்கம்மா செவலைப் பசுவ அப்படித்தான் கூப்பிடும். கூப்பிட்டுட்டு நிறுத்தும், எங்கேருந்து பதில் வருதுன்னு கேக்க. அதான் உன் விக்கல்.”

“எங்கப்பாவுக்கு எப்படி—”

“வெள்ளத்துல போன எங்க வேலியக் கட்டித் தர வந்தாரு. தெனம் கேட்டாரு. ஆடறவங்க தடுமாறக் கூடாதுன்னு நிறுத்தற இடத்த எடுத்துட்டாரு. க்ளோவிஸ் அத்த பக்கத்து வீடு, அவளும் கேட்டா.”

“இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?”

“நீ எப்பக் கேட்ட?”

செப்டம்பர் 10

ஒரு மாட்டைக் கூப்பிட்ட சத்தத்துக்கா இவ்வளவு சண்டை போட்டேன்?

செப்டம்பர் 15

க்ளோவிஸ் ஜெயித்தான். பரிசு, புகை போட்ட பன்றித் தொடை. நன்றாகத்தான் வாசித்தான், பாவி. “யார் மெட்டு இது?” என்றார் ரேடியோக்காரர். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன்: “என் மாமியாரோடது!”

நல்ல மனசில் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு இல்லையென்றால் அவன் அத்தைக்கும் வேண்டாம். ஆனால் வெல்மா என்னைப் பார்த்த பார்வை! கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. நான் ஏன் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவா முடியும்?

செப்டம்பர் 17

க்ளோவிஸ் பிடிலோடு வந்தான். “வெல்மா, உங்கம்மா கூப்பிடற மாதிரி ஒருவாட்டி பாடேன்.”

பாடினாள். அவன் கேட்டதும் பாடினாள்! நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள் — க்ளோவிஸ் நிறுத்துவதைவிட வெகு நேரம். நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம், ஏதோ மாடு கத்தப்போகிறது போல.

அவன் வாசித்துப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனான். பிடில் எங்கள் மேசையில் கிடக்கிறது, பிருடைகளைத் தளர்த்தவில்லை. மறந்துவிட்டானா? மீட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் அவன் ஒளித்ததும் என் சுதியேதான். என் பிடிலையும் சுதி கலைக்காமல் அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

“என்ன மாப்ள, பாம்பு சத்தம் கேட்டுப் பயந்துட்டியா?” என்கிறான் அங்கிருந்து. பீன்ஸ் ஆறுகிறதாம், வெல்மா கூப்பிடுகிறாள். இருக்கட்டும், சாப்பிட்டதும் சேர்ந்து வாசிக்கப் போகிறோம். அந்த இடம் வரும்போது அவனைவிட ஒரு மூச்சாவது கூடுதலாக நான் நிறுத்த...