முதலில் வருகிறவர்களுக்கு முன்வரிசை

டிசம்பர் 19, வெள்ளி

நாளை பள்ளி மைதானத்தில் எங்கள் சபையின் இசை நிகழ்ச்சி.

போன வருடக் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சியில் பாதி நாற்காலி காலி. அதனால் இந்த முறை விளம்பரத்தைச் சபையில் என்னிடம் கொடுத்தார்கள். நானே பேசிப் பதிவு செய்தேன்: "அனுமதி இலவசம். குழந்தைகளோடு வாருங்கள். முதலில் வருகிறவர்களுக்கு முன்வரிசை." மூன்று நாளாக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அதைக் குடிபாலாவிலிருந்து பலமனேர் வரை அலறிக்கொண்டு போகிறது.

இன்று மாலை பள்ளி மைதானத்தைப் பார்க்கப் போனேன். இருப்பது ஒரே கேட். அதிலும் ஒரு கதவுதான் திறக்கிறது. இன்னொன்று துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது.

"பலமனேர்லேர்ந்து வேன் வெச்சிக்கினு வராங்களாமேம்மா," என்றார் வாட்ச்மேன். அத்தனை பேரும் குழந்தைகளோடு முன்வரிசைக்காக இந்த ஒற்றைக் கதவில் முண்டியடித்தால்?

சபைச் செயலாளர் அண்ணனிடம் ஓடிப்போய்க் கேட்டைப் பற்றிச் சொன்னேன். "ஏம் காதம்மா," என்று தெலுங்கில் ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆவாது. கூட்டம் வரணும்னுதான உன்கிட்ட குடுத்தோம்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஏன் சிரித்தேன்?

வீட்டுக்கு வந்ததும் குடிபாலாவிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, நாளைக்குக் கொயந்தைங்கள இட்டுக்கினு சீக்கிரமே வந்துர்றோம். முன்னாடி குந்தணும்."

"வேணாண்டி. நீ வராத."

ஏன் என்று கேட்டாள். தலை வலிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அவளிடம் மட்டும்தான் சொன்னேன். காலை ஏழு மணிக்கு ஆட்டோ மறுபடி கிளம்பும். மற்ற எல்லாரையும் குழந்தைகளோடு வரச் சொல்லும், என் குரலில்.