வேப்பிலை கட்டின தேதி

14 ஜூன் 2025, சனி

வக்கீல் அனுசியா மேடம் என்னை மாடரேட்டர் ஆக்கிவிட்டார்!!! ‘வாய்தா டைம்’ யூடியூப் சேனலில் லைவ் சாட்டைக் கட்டி மேய்க்க ஆள் வேண்டும் என்றார். அத்தனை சப்ஸ்கிரைபரில் என்னை எடுத்திருக்கிறார். சட்டக் கல்லூரி வாசலைக்கூடப் பார்க்காத, மேலகரத்தில் அக்கா வீட்டு மாடியில் இருந்துகொண்டு தென்காசியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற என்னை!

இன்றைய தலைப்பு: பக்கத்து வீட்டுத் தென்னை நம் ஓட்டில் விழுந்தால் யார் பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பாண்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் போலீஸ் தேர்வில் தேறி, ஆள் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து வருவதற்காகக் காத்திருக்கிறான். என் அக்கா மகள் பிச்சுவைத் தோளில் போட்டுச் சாரலைக் காட்டிக்கொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: “தென்ன விழுந்தா தேங்கா யாருக்குலே?”

நல்ல கேள்வி. மேடத்திடம் கேட்கவேண்டும்.

17 ஜூன்

பாண்டிக்கு அம்மை. அவன் அம்மா ஆவுடைத்தாய் அத்தை நடையில் வேப்பிலை செருகிவிட்டார். அவன் வயலில் பம்ப்செட் ரூமுக்குப் போய்விட்டான். அத்தை சோற்றை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அம்மாவும் பிள்ளையும் போனில்தான் பேசுகிறார்கள், இருபதடி தூரத்தில் நின்றுகொண்டு.

25 ஜூன்

பிச்சுவுக்குக் காய்ச்சல். கண்ணெல்லாம் சிவப்பு.

26 ஜூன், வியாழன்

டாக்டர் பிச்சுவின் வாயைத் திறந்து பார்த்தார், பக்கத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். “தட்டம்மையா இருக்கலாம். காத்துலயே பரவும். ஒரு வாரம் யாரோடவும் சேக்காதீங்க” என்றார். இதற்கான தடுப்பூசியை ஒன்பது மாதம் முடிந்தால்தான் போடுவார்களாம். பிச்சுவுக்கு ஏழு.

ஆனால் நாளைக்குக் காதுகுத்து. இலஞ்சியில் மண்டபம் பேசியாயிற்று. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் வைக்க முடியாது.

அக்கா வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டு வந்தாள். அத்தான் தடுத்துவிட்டார். “முத்து போட்டிருக்கா? போடலல்லா? பொறவு எதுக்குட்டி வேப்பில? அதக் கட்டினா நாளைக்கு ஒரு பய பந்திக்கு வரமாட்டான்.”

கொத்து இப்போது வாளித் தண்ணீரில் மிதக்கிறது.

27 ஜூன்

என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். தாய்மாமன்! ஸ்டேட்டஸ்: ‘மாமா மோட் ஆன்’. இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள்.

பிச்சு ஊசி படுமுன்னே அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தானுக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. அங்கே மூட்டை தூக்கும் மாரி அண்ணன் மகளோடு வந்திருந்தார். நாலு வயசு. பிச்சுவை முத்தமிட்டு முத்தமிட்டு, கீழே விடவே மாட்டேன் என்றது.

28 ஜூன்

முத்து போட்டுவிட்டது. காதுக்குப் பின்னால்தான் முதலில். புதுக் கம்மலுக்குப் பின்னால்.

30 ஜூன்

ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவாம். மூக்கில் ஆக்சிஜன். மூச்சு விடும்போது விலா உள்ள போகுது. இத்துணூண்டு பிள்ளைலா அது. அக்கா அழக்கூட மாட்டேங்கா, பாத்துக்கிட்டே இருக்கா— என்னால எழுத முடியல.

1 ஜூலை, செவ்வாய்

ஆவுடைத்தாய் அத்தை ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பிள்ளைக்கு ஊசியே போடலட்டி மீனா. மூத்தவனுக்குப் போட்ட அன்னைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துட்டு. பயந்து இவனக் கொண்டே போகல. அவங்கிட்ட இருந்துதான் உம் பிள்ளைக்கு...” என்று அழுதார்.

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை போனதும் என் பக்கம் திரும்பினார். “நீ சட்டமா பேசுவியல்லா. இதுக்கு ஏதும் சட்டம் இருக்கா?”

இருக்கு அத்தான்! பி.என்.எஸ். 271! உயிருக்கு ஆபத்தான நோய் பரவக்கூடும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, கவனக்குறைவாக ஒரு செயலைச் செய்தால் ஆறு மாதம் வரை ஜெயில். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பழைய ஐ.பி.சி.யில் இதே பிரிவு 269 என்றும் சேர்த்துச் சொன்னேன். என்னிடம் அத்தான் சட்டம் கேட்பது இதுதான் முதல் தடவை.

“அப்ப அந்தப் பய மேல எழுது” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று விழுந்தால் பாண்டியின் போலீஸ் வேலை என்ன ஆகும் என்பது மாடிப்படி ஏறும்போதுதான் தோன்றியது.

3 ஜூலை

பிச்சு கொஞ்சம் பால் குடித்தாள். ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள்.

தலைக்குள் கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஊசி போடாமல் இருப்பது ஒரு ‘செயலா’? செய்யாததை எப்படிச் செயல் என்பது? பாண்டியிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிப்பது எப்படி? இது அருவி சீசன், ஐந்தருவிக்கு வருகிற கூட்டத்தில் எவன் தும்மினானோ? சின்ன வயதில் போடாமல் விட்டது அத்தை, கேஸ் மட்டும் பாண்டி மேலா?

பாண்டி வயலிலிருந்து திரும்பிவிட்டான். முத்தெல்லாம் காய்ந்துவிட்டது. போய்ப் பார்த்தேன்.

“வாலே வக்கீலு. உள்ள தள்ளப் போறியளாமே?”

“ஊசி போடலன்னு ஒனக்குத் தெரியுமாலே?”

“எனக்கு எங்கன தெரியும்? ஏழாங்கிளாஸ்ல ஸ்கூல்ல வச்சு எல்லாருக்கும் போட்டாங்கள்லா, அன்னைக்கு அம்மா என்னைய ராயகிரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. புரோட்டா வாங்கித் தந்தா. லீவு கெடச்சுதுன்னு சந்தோசமாப் போனேன்.”

எனக்கு அன்றைக்குத்தான் போட்டார்கள். கை வீங்கி, பாண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. காதுகுத்து அன்றைக்குப் பிச்சு என் மடியில்தான் இருமிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுமே வரவில்லை.

“பிச்சுவத் தூக்குன அன்னைக்கு?”

“மூக்கு ஒழுகிட்டு. சளின்னுல்லா நெனச்சேன்.” என் கையைப் பிடித்தான். “பிள்ள எப்படி இருக்கா? அத மொதல்லச் சொல்லுலே.”

5 ஜூலை, சனி

பெயரில்லாமல் கேள்வியை லைவில் போட்டேன். மேடம் எடுத்துவிட்டார்! முதல் கேள்வியே!

“ஊசி போடலங்கறதுக்காக மட்டும் யாரையும் உள்ள வைக்க முடியாது. போட்டே ஆகணும்னு இதுக்குச் சட்டம் இல்ல. போட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதுங்கறது வேற விஷயம், தயவுசெஞ்சு போய்ப் போடுங்க. ஆனா கேஸுன்னு வந்தா, நோய் வந்த தேதியைப் பாக்காதீங்க. தெரிஞ்ச தேதியைப் பாருங்க. தெரிஞ்ச பிறகு அந்த ஆள் என்ன செஞ்சார்? கேஸ் அங்கதான் இருக்கு.”

சாட்டில் யாரோ ‘செம’ என்று போட்டார்கள். நானும் நெருப்பு எமோஜி போட்டேன். போட்ட பிறகுதான் கை நின்றது.

பாண்டிக்குத் தெரிந்த தேதி: 17. அன்றைக்கே நடையில் வேப்பிலை, அவன் வயலில்.

எங்களுக்குத் தெரிந்த தேதி: 26. டாக்டர் வாயாலேயே சொன்னார். 27-ஆம் தேதி நாங்கள் எங்கே இருந்தோம்? மண்டபத்தில். யார் மடியில்?

வேப்பிலை என்பது ஊருக்கே விடுகிற நோட்டீஸ். அவர்கள் விட்டார்கள். நாங்கள் வாளியில் போட்டோம்.

சாட்டில் ஸ்பேம் வந்து குவிந்துவிட்டது. கவனிக்கவே இல்லை.

6 ஜூலை

அத்தானிடம் சொன்னேன். “அத்தான், இந்தப் பிரிவுல பாண்டி மாட்ட மாட்டான். நாமதான் மாட்டுவோம்.”

“நீ யாருக்குலே வக்கீலு?”

“சும்மா சட்டம்...”

“எம் பிள்ள மூச்சுக்குத் தவிச்சது சும்மாவாலே?”

அதுவும் சரிதானே? பாண்டி ஊசி போட்டிருந்தால் பிச்சு ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டாள். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டு உண்மைக்கும் சேர்த்து ஒரு பிரிவு இல்லையா? தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பிச்சு வீட்டுக்கு வந்ததும் புகாரைக் கொடுப்பாராம்.

8 ஜூலை

பிச்சு வீட்டுக்கு வந்துவிட்டாள். எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறாள். சிரித்தாள்.

11 ஜூலை, வெள்ளி

புகார் அத்தானின் சட்டைப் பையில். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார், நான் பின்னால். போன் வந்தது. எஞ்சினை நிறுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“மொதலாளி, மாரி பேசுதேன். பாப்பாவுக்கு முத்து போட்டு அம்மா வந்திருக்கா. வேப்பில கட்டியாச்சு. நான் கொஞ்ச நாளைக்கு மூட்டைக்கு வரல.”

“ஒனக்கு ஒண்ணும் இல்லல்லா? நீ ஏன் வரல?”

“மார்க்கெட்டுல பூரா பிள்ளகுட்டிக்காரங்கல்லா மொதலாளி. நாம எதுக்குக் கொண்டு போயிக் குடுக்கணும்? அத விடுங்க, நம்ம பிச்சம்மாளுக்கு எப்படி இருக்கு?”

அத்தான் விரல்விட்டு எண்ணினார். காதுகுத்து அன்றிலிருந்து எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பாயிண்டைச் சொல்லாமல் விட்டேன்.

“மாரி, பாப்பா மூச்சு எப்படி விடுது? துணியத் தூக்கி விலாவப் பாரு. நான் வாறேன். இல்ல... நான் உள்ள வரல, வெளிய நிக்கேன். டாக்டர்ட்ட போவோம்.”

வண்டி ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. பாவூர்சத்திரம் ரோட்டில் ஏறியது.

13 ஜூலை

மாரி அண்ணன் பாப்பாவுக்கு லேசாகத்தான். சின்னதில் தடுப்பூசி ஒரு தவணை போட்டிருந்ததாம்.

அத்தான் எங்கள் நடையில் வேப்பிலை கட்டினார். இப்போது எதற்கு, பிச்சுவிடமிருந்து இனிமேல் யாருக்கும் பரவாதே என்றேன். “சும்மா கெடலே” என்றார்.

3 செப்டம்பர், புதன்

இன்று ஊசி நாள். பிச்சுவுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. அம்மை வந்து போயிருந்தாலும் போடலாம் என்று நர்ஸ் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஆவுடைத்தாய் அத்தை, மூத்த மகனின் பிள்ளையோடு. ஊசி ஏறியபோது அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அத்தான் பக்கத்தில் நின்று, “காய்ச்சல் அடிச்சா ராத்திரின்னாலும் கூப்பிடுங்க, வண்டி இருக்கு” என்றார்.

திரும்பி வந்தால் பாண்டியின் போலீஸ் வேலை விஷயமாக விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதவேண்டுமாம். அத்தானிடம் வந்தார்.

“பாண்டின்னு இந்தப் பையன், ஆள் எப்படி? ஏதும் வம்பு, புகார் உண்டா?”

அத்தான் கை தன்னால் சட்டைப் பையைத் தொட்டது. அதில் ஒன்றும் இல்லை.

“அம்மை வந்த அன்னைக்கே நடையில வேப்பில கட்டிட்டு, தனியாப் போயிப் படுத்த பய சார். எழுதிக்கிடுங்க.”

போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். “இத நான் எதுலய்யா எழுத?”

நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.