மஞ்சள் கோடு

ஞாயிறு, இரவு

படுத்தால் சிரிப்பு வருகிறது. கூடவே வெட்கமும்.

என் எலக்ட்ரிக் மலை சைக்கிளுக்கு அகலமான பெடல், மட்கார்டு, முன்விளக்கு எல்லாம் ஓசூரில் வாங்கி, நேற்று நானே மாட்டினேன். கம்பெனியில் போல்ட்டை இறுக்கிய பிறகு அதன்மேல் மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவோம். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று பொருள். வீட்டிலும் அப்படியே போட்டேன்.

இன்று காலை ராயக்கோட்டை மலைப்பாதையில், பாதி ஏற்றத்தில் இடது பெடல் கழன்று விழுந்தது. கையால் திருகியதோடு நிறுத்தி, கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னால் தன் சைக்கிளில் வந்த நசீர் பெடலை எடுத்துப் பார்த்தான். கம்பெனியில் என் அசெம்பிளி லைனில் வேலை செய்பவன். இறுக்காமலே கோடு போட்டான் என்று வெள்ளிக்கிழமை நான் கத்தியது அவனைப் பார்த்துத்தான்.

"கோடு மட்டும் நல்லா நேரா இருக்குதுண்ணா," என்றான்.

ஒரு கல்லால் கோட்டைச் சுரண்டினான். பெடலை மாட்டி ஸ்பேனரால் இறுக்கினான். என் பையில் கிடந்த மார்க்கரை எடுத்து நீட்டினான்.

"இப்போ போடுங்கண்ணா."

இருவரும் சிரித்த சிரிப்பில் கோடு கோணலாகிவிட்டது. அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் கத்தியது லைனில், எல்லோர் முன்னாலும். நாளை அங்கேதான் கேட்க வேண்டும்.