ரிஸானின் கெமராவும் என் முகமும்

ஓகஸ்ட் 2, சனி

கச்சான் காற்று, மேற்கிலிருந்து அனலாக. காலை எட்டு மணிக்கே நெற்றியில் உப்பு. தாடி சொறிகிறது.

இன்று தேட வேண்டியவை:
– வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டு. அம்மாவின் அலுமாரி, மேல் தட்டு. கேட்காமல்.
– தோல் செருப்பு. பாட்டா ரப்பர் செருப்புப் போட்ட இயேசுவை எடுக்க மாட்டேன் என்று பியூலா அக்கா கண்டிப்பு.
– கறுப்புப் பொலித்தீன். நான் வேலை செய்யும் கடையின் முதலாளி ஹாஜியாரிடம் கெஞ்ச வேண்டும்.
– சேவல்.

சேவல் டிலக்சன் வீட்டில் இருக்கிறது. கூவுமா என்று கேட்டேன். "அது வாய மூடுறதுதான் கஷ்டம்" என்றான்.

படம் ஏழு நிமிடம். எங்கள் சேர்ச் வாலிபர் சங்கத்தின் முதல் படம். மட்டக்களப்பில் சபைகளுக்கிடையே குறும்படப் போட்டி, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். கதை எல்லோருக்கும் தெரிந்தது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில் பேதுரு நெருப்புக் காய்கிறான். 'அந்த ஆளோடு இருந்தவன்தானே நீ' என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறான், மூன்று தரம். சேவல் கூவுகிறது. இயேசு திரும்பிப் பார்க்கிறார். பேதுரு அழுகிறான்.

பேதுரு டிலக்சன். இயேசு நான். இயக்குவது பியூலா அக்கா. பாலர் பாடசாலை ஆசிரியை, எங்களையும் அதே குரலில்தான் அதட்டுவார்.

எனக்கு வசனமே இல்லை. ஒரு பார்வை மட்டும். ஆனால் படம் முழுக்க அந்தப் பார்வைக்காகத்தான்.

பதினொரு வருட நத்தார் நாடகங்களில் இதுவரை நான்: ஆடு, ஆடு, இரண்டாம் இடையன், ஒட்டகத்தின் பின்கால், பிறகு நிரந்தரமாகத் திரை இழுக்கிறவன். இந்த முறை முகம். ஏழு மாதமாகத் தலைமுடியில் கத்தரி படவில்லை. ஹாஜியார் நேற்றும் கேட்டார், "தம்பி, இது ஹார்ட்வெயார்க் கடையா, சர்க்கஸா?" பொறுத்துக்கொண்டேன். கண்ணாடி முன் தினம் பத்து நிமிடம் பார்வைப் பயிற்சி. சோகமாகப் பார்த்தால் வயிற்றுக்குத்துக்காரன் மாதிரி இருக்கிறது.

அம்மா மீன்காரர் வரை சொல்லி முடித்துவிட்டார், "இந்த முற என்ட மகன்தான் இயேசு."

ஓகஸ்ட் 4, திங்கள்

கடையில் பைப் முட்டு எண்ணும் வேலை. மூன்று தரம் எண்ணி மூன்று கணக்கு. மனம் அங்கே இல்லை.

நாலு மணிக்கு ரிஸானின் ஸ்டூடியோ. கல்முனைக்குடியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் சின்ன ஒழுங்கை. ரிஸான் கலியாண வீடியோக்காரன், ஓ.எல். டியூஷனில் என் பக்கத்தில் இருந்தவன், அன்றிலிருந்து கூட்டாளி. போன வருடக் கரோல் ஆராதனையையும் அவன்தான் எடுத்துத் தந்தான். ஊரில் அவனிடம்தான் நல்ல கெமரா. நான்தான் இந்தப் படத்துக்கும் கேட்டேன்.

"என்ன கதடா?"

"பேதுருட கத."

"சரி, சனிக்கிழம வாறன். மத்தியானத்துக்குச் சோறு தருவீங்கதானே?"

அவ்வளவுதான் பேச்சு. ஒரு லென்ஸைக் காட்டினான். இதில் முகம் மட்டும் தெளிவாகவும் பின்னால் எல்லாம் கலங்கியும் விழுமாம். அந்த முகம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். கடற்கரை வீதி முழுக்க எதிர்க்காற்று, தெரியவேயில்லை.

ஓகஸ்ட் 9, சனி

எல்லாம் நாசம். முறையாக எழுதுகிறேன்.

பகலில் இரவு எடுப்பதாகத் திட்டம். சேர்ச் மண்டபத்தின் பின்கொட்டிலைக் கறுப்புப் பொலித்தீனால் மூடினோம். உள்ளே அவிகிற வெக்கை. நடுவில் கரி நெருப்பு வேறு. பேதுரு குளிர் காய வேண்டியவன், வியர்வை சொட்டச் சொட்ட நின்றான்.

முதல் எடுப்பு: பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. இரண்டாவது: டிலக்சன் சிரித்துவிட்டான். மூன்றாவது நல்லது, ஆனால் சேவல் கொட்டிலுக்குள் பறந்து பொலித்தீனைக் கிழித்தது. கூவவில்லை. ரிஸான் கைபேசியில் தொழுகை நேரத்தைப் பார்த்தான். "பாங்கு செல்ல இன்னும் இருவத்தஞ்சி நிமிசம் இரிக்கி. அதுக்குள்ள மூணு மறுப்பையும் முடிப்பம் அக்கா." முடித்தான். வேலைக்காரன்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் உடுத்துக்கொண்டு வந்தேன். விரிப்பு, செருப்பு, முடி, தாடி. பியூலா அக்காவே எழுந்து நின்றுவிட்டார்.

ரிஸான் கெமராவிலிருந்து கண்ணை எடுத்தான்.

"மச்சான், இது ஆரு?"

"இயேசு. கடைசிக் காட்சி."

"ஈஸா நபியா?"

கெமராவை அணைத்தான். என்னை வேலியோரம் கூட்டிப் போனான். கோபமில்லை, முகம் வெளிறிக் கிடந்தது.

"எங்கட ஆக்கள் நபிமார வரையவும் மாட்டம், நடிக்கவும் மாட்டம்டா. நான் புடிச்சா அது என்ட கையால செஞ்ச வேலையாப் போகும். மத்ததெல்லாம் புடிச்சித் தாறன். இது மட்டும் ஏலா."

"டேய், நான் நபி இல்லடா. ஹார்ட்வெயார்க் கட ஜெரோம்."

"அதத்தான்டா நானும் செல்றன்."

அதற்கு மேல் படப்பிடிப்பு ஓடவில்லை. எல்லோரும் கலைந்து போனோம்.

பிழை யாருடையது? 'பேதுருட கத' என்று சொன்ன என்னுடையதுதான். எங்கள் வீட்டுக் கலண்டரில் இருக்கிறவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அவனுக்கும் அவர் வேண்டியவர் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. இதை எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விரிப்பை இன்னும் அலுமாரியில் திருப்பி வைக்கவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து கூட்டம். ரிஸான் இரவெல்லாம் யோசித்துப் பியூலா அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். அக்கா எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

"அக்கா, ஈஸா நபி நிக்கிற இடத்தில கெமராவ வைப்பம். அவரு பாக்கிறதத்தான் நாம பாக்கிற. பேதுரு நேர கெமராவப் பாக்கட்டும். அவர ஒரு இடத்திலயும் காட்டத் தேவல்ல."

அக்கா துள்ளிக் குதிக்காத குறை. "இது எனக்கு வரல்லயே! அப்ப ஆண்டவர்ட இடத்தில நிக்கிறது படம் பாக்கிற ஆக்கள்!" என்றார்.

"அப்ப நான்?"

"நீ கெமராக்குப் பின்னால நில்லு மனே. வெறும் லென்ஸப் பாத்து டிலக்சனால நடிக்கேலா. உன்னப் பாத்து நடிக்கட்டும்."

மறுபடியும் திரை இழுக்கிறவன். ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. மத்தியானம் முழுக்க வீட்டுக்கும் கேற்றுக்குமாக நடந்தேன். "என்ன கிறுதி புடிச்சவன் மாதிரி சுத்துறா?" என்று அம்மா. சொல்லவில்லை. மட்டக்களப்புச் சின்னம்மாவுக்கு நேற்றுத்தான் போன் எடுத்துப் பெருமை பேசியிருக்கிறார்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

விடிய எழும்பி என் கைபேசியிலேயே என்னை எடுத்துப் பார்த்தேன். பின்னால் கறுப்புப் பொலித்தீன், பக்கத்தில் வெளிச்சம் திருப்ப வெள்ளை ரெஜிபோம் பலகை. காணாமல் போனவர் அறிவித்தல் மாதிரி வந்தது. அழித்தேன்.

கடைக்கு அரை நாள் லீவு. சபைச் செயலாளர் ஐயா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னால் பியூலா அக்கா கேட்க வேண்டும்.

கெமராக்காரர் இயேசுவை எடுக்க மாட்டேன் என்கிறார், அதற்காகப் படத்தையே மாற்றுகிறார்கள் என்றேன். ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"வெளி ஆள் வந்து நம்மட படத்துக்குச் சட்டம் வைக்கிறதா? ஆர் புடிச்ச ஆள்? உன்ட கூட்டாளியோ?"

"இல்ல ஐயா. எனக்கு அவ்வளவு பழக்கமில்ல. பியூலா அக்கா பேசின ஆள்."

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மூச்சும் எடுக்கவில்லை. ஐயாவின் மனைவி தேத்தண்ணி தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

எழுத வெட்கம். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பின்னேரம் வெளிச்சம் சரிபார்க்க ரிஸான் மண்டபத்துக்கு வந்திருந்தான். ஏணியில் நின்று வயர் கட்டிக்கொண்டிருந்தான், ஏணியைப் பிடித்திருந்தது நான். செயலாளர் ஐயா உள்ளே வந்தார். நேரே பியூலா அக்காவிடம்.

"முன்பின் தெரியாத ஆள எப்பிடிப் பிள்ள கூட்டி வந்த நீங்க? வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு ஜெரோமே சொன்னான், தனக்குப் பழக்கமில்லாத ஆளெண்டு."

அக்கா என்னைப் பார்த்தார். டிலக்சன் என்னைப் பார்த்தான். ரிஸான் ஏணியிலிருந்து கீழே பார்த்தான். பிறகு அந்த வயரைக் கட்டி முடித்தான், இறங்கினான், பையை எடுத்தான்.

"ஐயா, எனக்கும் இவரோட அவ்வளவு பழக்கமில்ல," என்றான். போய்விட்டான்.

பியூலா அக்கா ஐயாவோடு வாதாடினார், அழுதார், கடைசியில் போதகர் ஐயா வந்து அக்காவின் படம் அக்காவின் விருப்பம் என்று முடித்தார். வெளியே சைக்கிள் பூட்டைத் திறக்க முடியாமல் நின்றபோது டிலக்சன் வந்தான்.

"நான் ரெண்டு கிழமையா நடிச்சி எனக்கு அந்த மறுப்பு வரல்ல மச்சான். நீ ஒரு தேத்தண்ணியோட செஞ்சிட்டா."

ஓகஸ்ட் 15, வெள்ளி

ரிஸானுக்கு ஐந்து மெசேஜ். எல்லாவற்றிலும் நீலக்கோடு. பதில் இல்லை.

ஜும்ஆவுக்குக் கடை பூட்டியதும் ஸ்டூடியோப் பக்கம் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. தொழுகை முடிந்து வருவான் என்று எதிரே நின்றேன். ஒழுங்கை நிறைய ஆட்கள் வரத் தொடங்கியதும் ஓடிவந்துவிட்டேன். கோழை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முகம் போச்சே என்று கவலைப்படுவார் என்று பார்த்தால், அகப்பையைத் தூக்கினார்.

"நாசமறுப்பானே! எத்தின நத்தாருக்கு அந்தப் பொடியன் இந்த ஊட்டுல கேக் திண்டவன்! அவங்கட உம்மா பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பாம இருந்தவவா? உன்ட மூஞ்சியப் படத்தில பாக்காட்டி நான் செத்தா போவன்? தினம் பாத்துச் சலிச்ச மூஞ்சிதானே!"

அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்.

பியூலா அக்காவிடமிருந்து ஒரு வரி: நாளை ரிஸான் வருகிறார், அக்காவுக்கு வாக்குக் கொடுத்ததால்.

ஓகஸ்ட் 16, சனி

வந்தான். அக்காவுக்குச் சிரிப்பு, டிலக்சனுக்குத் தோளில் தட்டு. எனக்கு, "ஜெரோம், நீங்க கொஞ்சம் இஞ்சால நில்லுங்க." அறைந்திருந்தால் தேவலை.

என்னைக் கெமராவுக்கு நேர் பின்னால் நிறுத்தினான். அவன் குனிந்து நிற்க, அவன் தலைக்கு மேல் என் முகம். விரிப்பு இல்லை, செருப்பு இல்லை, கடைக்குப் போடும் சேர்ட். டிலக்சன் நெருப்புக்கு அப்பால்.

நாலு எடுப்பு வீண். இரண்டில் சிரிப்பு, ஒன்றில் இருமல், ஒன்றில் சேவல் முதன்முறையாகக் கூவியது, ஒரு நிமிடம் முந்தி. ஐந்தாவதில் டிலக்சன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏழு மாதம் பழகிய பார்வையைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கீழே ரிஸானின் பிடரி, வியர்வை, காதில் இயர்போன். அதுதான் தெரிந்தது. என் முகம் என்ன ஆனது என்று தெரியாது. டிலக்சனின் வாய் கோணிப் போனது, கண்ணை என்னிடமிருந்து எடுக்க முடியாமல் நின்றான்.

"போதும்," என்றான் ரிஸான். "இதுதான்."

டிலக்சன் பிறகு, "என்ன முகமடா வச்சிருந்தா? நான் பயந்திட்டன்," என்றான்.

ரிஸான் திரும்பவில்லை. கெமராவைத் துடைத்துப் பையில் வைத்தான். நான் வாயைத் திறக்குமுன் மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

அறிவித்தல் நேரத்தில் எழுந்து நின்றேன். "ரிஸான் என்ட கூட்டாளி. எட்டு வருசப் பழக்கம். நான்தான் கூட்டி வந்தன். செயலாளர் ஐயாட்டப் பொய் சொன்னன்." சபை மொத்தமும் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஐயா, "சரி தம்பி, இரு இரு. அடுத்த அறிவித்தல், மண்டபம் துப்புரவாக்கச் சிரமதானம்," என்றார். அவ்வளவுதான் அதன் பெறுமதி.

மூன்று மணிக்கு ஸ்டூடியோ. ஷட்டர் பாதி திறந்திருந்தது, குனிந்து போனேன். ரிஸான் கொம்பியூட்டர் முன். திரையில் டிலக்சனின் முகம், அசையாமல்.

மன்னிப்புக் கேட்டேன். காலையில் சொன்னதையும் சொன்னேன். அவன் மவுஸை உருட்டிக்கொண்டேயிருந்தான். என் முகத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்றபோது மட்டும் கை நின்றது. இயர்போனைக் கழற்றி நீட்டினான்.

போட்டுக்கொண்டேன். ஐந்தாவது எடுப்பு. நெருப்புப் பொரிகிற சத்தம். டிலக்சன் நிமிர்கிறான், பார்க்கிறான், வாய் கோணுகிறது. பிறகு ஓர் அழுகை. அடக்க அடக்க வெளியே வருகிற, மூக்கால் உறிஞ்சுகிற, கேவலமான அழுகை. டிலக்சன் நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்றேன்.

"அவன் எங்க அழுத? அவன்ட தொண்டையப் பாரு, அசையல்ல." ரிஸான் திரையைத் தொட்டுக் காட்டினான். "கெமரா மைக் உன்ட நாடிக்குக் கீழதான் இரிந்த. இது உன்ட சத்தம். நேத்தே கேட்டன்."

நான் அழுதது எனக்கே தெரியாது.

"வெட்டவா, விடவா?"

சேர்ச்சில் எல்லோரும் கேட்பார்கள். மட்டக்களப்பில் தெரியாத ஆட்களும் கேட்பார்கள், பேதுரு அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு.

"விடு," என்றேன்.

அவன் அந்த இடத்தில் ஓர் அடையாளம் போட்டான். பக்கத்துக் கதிரையில் கிடந்த வயர்ச் சுருளைத் தூக்கி நிலத்தில் வைத்தான்.

"அப்ப இரி. இன்னும் நாலு இடம் வெட்டக் கிடக்கு."

இருந்தேன்.