கஜுக் கன்றும் லில்லிக் கிழங்கும்

சாய்ந்தமருது
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முபாறக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஸுஹைறாவும் அவள் மகள் அப்னாவும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் றுமைஸாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன், கோபமாக இருக்கும் இந்த நாட்களிலும் கேட்கிறேன், அதையும் தெரிந்துகொள். வாட்ஸ்அப் இருக்கும்போது வாப்பாவுக்கு ஏன் காகிதமும் பேனையும் என்று நீ சிரிப்பாய். போன் கோலில் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே மீற்றிங் என்கிறாய். குரலில் பதிந்து அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாயாம், உன் பெண்சாதியே உம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். கடுதாசியை அப்படி ஓடவிட முடியாது. அடுத்த வீட்டு நூஹு லீவு முடிந்து மெல்பேர்னுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து, நீ வாசித்து முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்றும் சொல்லி விடப் போகிறேன்.

உம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இனிப்பை விட்டதால் அல்ல, மாத்திரையை ஒழுங்காகக் குடிப்பதால். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வாசலைத் திறக்க முடியவில்லை, அடுப்பு வாயில் நிற்பதுபோல் இருக்கிறது, கிணறும் அடியில் போய்விட்டது. இவை எல்லாம் வழக்கமான செய்திகள். இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், நம் வாசலில் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே சம்மாந்துறையிலிருந்து இரண்டு பெண்கள், மேசையில் ஒரு தட்டம் நிறைய மஸ்கட் இனிப்பு, பக்கத்தில் சாறிப் பார்சல். மூத்தவர் உன்னுடைய மெல்பேர்ன் கூட்டாளியின் தாத்தாவாம், தம்பிக்குப் பெண் கேட்டு வந்தவராம். உங்கட மகன் வாக்குத் தந்திட்டார், இத்தா முடிஞ்ச கையோட கலியாணக் காவின வெச்சுக்குவம் என்கிறார், ஏதோ பேசி முடித்த காணி உறுதிக்கு நாள் கேட்பதுபோல. முபாறக், உன் தங்கச்சி புருஷன் மௌத்தாகி இன்னும் இத்தாவில் இருக்கிறாள். துக்கம் காக்கும் அந்த நாலு மாதமும் பத்து நாளும் முடியாத பெண்ணிடம் வெளிப்படையாகக் கலியாணம் பேசக்கூடாது என்பது மத்ரஸாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீயும் அங்கேதானே ஓதினாய்? அந்தப் பெண்கள்மேல் குற்றமில்லை, நீ எல்லாம் முடித்துவிட்டாய் என்றுதான் வந்திருக்கிறார்கள். நான் மரியாதையாகவே கதைத்து, தட்டத்தையும் பார்சலையும் அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஸுஹைறா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. வேன் போன பிறகு, வாப்பா, என்ட இத்தா முடிஞ்சி போச்சா, எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீ வந்து சொல்லு.

அவள் கலியாணத்துக்கு வலி, மார்க்கப்படி பொறுப்பாளி, நான். நான் இன்னும் மௌத்தாகவில்லை, கண்ணும் காதும் காலும் வேலை செய்கின்றன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளிடம் அரை வார்த்தையும் கேட்காமல் வாக்குக் கொடுக்க உனக்கு யார் பொறுப்புத் தந்தது? ஆம்பிளை இல்லாத வீடு என்று உம்மாவிடம் சொன்னாயாம். நான் என்ன இந்த வீட்டில் தூணா? இது அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, ஸலாஹுதீன் மாப்பிள்ளையாக வந்து ஏறிய வீடு, நானும் உம்மாவும் இன்றைக்கும் பின்னால் உள்ள சின்ன வீட்டில்தான் படுக்கிறோம். நீயும் வெளிநாடு போகுமுன் அக்கரைப்பற்றில் பெண்சாதி வீட்டில் குடியேறியவன்தான், இங்கே யார் எந்த வாசலால் வரவேண்டும் என்று மெல்பேர்னிலிருந்து ஓடர் போட உனக்குப் பங்கு கிடையாது.

பாசத்தில் செய்தேன் என்பாய். உன் பாசம் செய்த வேலையைச் சொல்கிறேன் கேள். மச்சானின் ஜனாஸா அடக்கத்துக்கு உன்னால் வந்து சேர முடியவில்லை, அவர் பேரில் ஓதிய கத்தத்துக்கு வந்தாய், இரண்டு கிழமை நின்றாய். அப்போது விறாந்தையில் ஒரு பூச்சட்டியில் இலை பழுத்துக் கிடந்ததைப் பார்த்தாய். அது ஸலாஹுதீன் நுவரெலியாவுக்கு மரக்கறி லொறி கொண்டுபோகும்போது அவளுக்காக வாங்கிவந்த லில்லிக் கிழங்கு. அது பூத்து முடிந்தால் இலையைத் தானாகப் பழுக்க விட்டு, தண்ணீரை நிறுத்தி, நிழலில் சும்மா வைக்க வேண்டும், கிழங்கு உறங்கி எழும்பினால்தான் மறுபடி பூக்கும். இது எனக்கும் தெரியாது, அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. நீ யாரிடமும் கேட்கவில்லை. பாவம், பார்க்க ஆளில்லாமல் காய்கிறது என்று இலையை வெட்டி, பசளை போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாய். நீ போன பிறகு சட்டி நாறியது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கையில் கூழாக வந்தது. காக்கா பாசத்தில செஞ்சது, அவருக்குச் சொல்லாதீங்க என்று உன் தங்கச்சி என்னிடம் கேட்டுக்கொண்டாள். நானும் இவ்வளவு நாளும் சொல்லவில்லை. அந்தத் தட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கிழங்குக்குச் செய்ததைத்தான் இப்போது அவளுக்கும் செய்கிறாய். அவளைக் கொஞ்ச நாள் சும்மா இருக்க விடு. எழும்புவதா, எப்போது எழும்புவது என்பதை அவள் சொல்லட்டும்.

மற்றது கஜுக் கன்று. கிணற்றடிக்குப் பக்கத்தில் போன மாரியில் ஸலாஹுதீன் நட்ட ஒட்டு முந்திரிக்கன்று. பின்னேரத்தில் அவரும் அப்னாவும் சேர்ந்துதான் தண்ணீர் ஊற்றுவார்கள், அவர் போன பிறகு அவள் தனியாகப் பால்மா டின்னில் மொண்டு மொண்டு ஊற்றினாள். நீ அவளைக் கூப்பிட்டு, கஜு காட்டு மரம், பொத்துவில் பக்கம் வெறும் மணலில் தானாக வளருது, இதுக்குத் தண்ணி தேவையில்ல என்று சொன்னாய். ஓம், வளர்ந்த மரத்துக்குத் தேவையில்லை, வேர் கீழே போனபின் ஊற்றினால்தான் அதற்குக் கெடுதல். ஆனால் முதல் இரண்டு மூன்று கோடைக்கு அது கைப்பிள்ளை, கச்சானுக்கு மறைப்பும் வேண்டும் தண்ணீரும் வேண்டும். மாமா சொன்னார் என்று பிள்ளை டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நானும் இத்தா வீட்டு அலுவல்களில் கவனிக்கவில்லை. கன்று வாடியபோது உன்னிடம் கேட்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு மாமா கோல் எடுப்பேன் என்று கத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் நீதானே சொன்னாய்? முதல் சில வெள்ளி எடுத்தாய். பிறகு அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள், அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை இருப்பாள். சம்மாந்துறையோடு கதைக்க நேரம் கிடைத்த உனக்கு ஏழு வயதுப் பிள்ளையோடு கதைக்க நேரம் இல்லை. சும்மா விடவேண்டியதை நோண்டினாய், பார்க்கவேண்டியதைச் சும்மா விட்டாய். எழுத்துக் கோணலாக வருவது கோபத்தால்தான், வயதால் அல்ல.

கன்று இப்போது குச்சியாக நிற்கிறது. வாப்பாட மரத்த நான்தான் சாகடிச்சிட்டன் என்று அப்னா உன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இல்லை மகள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், தலையை ஆட்டுகிறாளே தவிர நம்பவில்லை.

ஆகவே இரண்டு காரியம். உன் கூட்டாளியிடம் போய், அந்த வாக்கு நான் கொடுக்கக்கூடியதல்ல, கொடுத்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லு, மெசேஜ் போடாதே. அடுத்தது, அப்னாவிடம் நீயே கதைத்து, தண்ணீரை நிறுத்தச் சொன்னது மாமாவின் பிழை, உன் கையால் ஒன்றும் சாகவில்லை என்று சொல்லு. நான் சொல்லி அவள் நம்பமாட்டாள், அவள் நம்பியது உன்னைத்தான்.

குளிர் காலம் தொடங்கியிருக்கும், பிள்ளைகளின் காதை மூடி அனுப்புங்கள். றுமைஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். வல்ல நாயன் உனக்கு நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும், கேட்டுச் செய்யும் புத்தியையும் தருவானாக, ஆமீன்.

வெள்ளிக்கிழமையை மறக்காதே. முன்புபோல் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதில்லை, போன வெள்ளி அது சார்ஜரில் கிடந்தது, அவள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் தரம் அடிக்கும்போது எடுக்கமாட்டாள். விடாமல் அடி.

இப்படிக்கு,
உன் வாப்பா
பக்கீர் முகைதீன்