சுவருக்கடியில் ஒரு குழி

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். மில்லுக்கு மெஷின் வாங்க இத்தாலி போன உன் மாமா, சுருட்டைமுடி நாய் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். சதுப்பு நிலத்தில் நீந்தி, வேட்டைக்காரர்கள் சுட்டு வீழ்த்திய வாத்துகளைக் கவ்விவந்த இனமாம். சதுப்பு வற்றியதும் மண்ணுக்கடியில் விளையும் காளானை மோப்பம் பிடிக்கப் பழக்கினார்களாம்.

இங்கே தண்ணீரும் இல்லை, காளானும் இல்லை. "பாவமுங்க, வெளிய கூட்டிட்டுப் போலாமுங்களா?" என்றேன்.

"போகப் போகப் பழகிக்கும் அம்மணி. நீ பழகிக்கலையா?" என்றார்.

நாய் ஓடிவிடுமென்று கேட்டைப் பூட்டிச் சாவியை மில்லுக்குக் கொண்டுபோகிறார். நாய் வருவதற்கு முன்பும் அப்படித்தான்.

போன் செய்யாதே, அவர்தான் எடுப்பார்.

காம்பவுண்டுச் சுவருக்கடியில் அது குழி தோண்டியிருக்கிறது. மறைவாகப் பூந்தொட்டி வைத்திருக்கிறேன். அவர் கிளம்பியதும் தொட்டியை நகர்த்துவேன். அது கிளறுகிறது, நான் மண்ணை அள்ளி அப்பால் கொட்டுகிறேன். அதற்கு வேண்டிய அகலம் எப்போதோ வந்துவிட்டது. இன்னும் தோண்டுகிறோம்.

உன் அக்கா