தும்மிய கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு

அண்ணே,

தாத்தா முகமூடியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்தேன். பஞ்சுத் தாடியில் இன்னும் மூக்குப்பொடி வாசனை. அம்மா துவைக்கச் சொல்கிறாள். "காயுதும்மா" என்கிறேன். நனைத்தால்தானே!

டிசம்பர் வந்தால் உங்களுக்குப் பகலில் பீங்கான் சூளை, பொழுது சாய்ந்தால் தாடி. தலையணை கட்டாமலே தாத்தாவாகிற தொப்பை நம் சபையில் உங்களுக்கு மட்டும்தான். "செராமிக் தாத்தா, பாத்து நடங்க, வுழுந்தா ஒட்ட முடியாது" என்பேன். "மொதல்ல ஒன் வாயச் சூளையில வைக்கணும்டா" என்பீர்கள். உங்கள் பையில் மிட்டாயோடு, சூட்டில் கோணிப்போய் விலைபோகாத பீங்கான் வாத்துகளும் இருக்கும். பிள்ளைகள் மிட்டாயை விட்டுவிட்டு வாத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும்.

போன வருஷம் அந்தத் தாடிக்குள் மூக்குப்பொடி தூவினேன். முதல் வீட்டிலேயே "ஹேப்பி கிறிஸ்ம... ஹச்சு!" தெருவே சிரித்தது.

கோடி வீட்டில் மட்டும் ஸ்டார் தொங்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை. வீடு வீடாகப் பாட்டுக்குப் போகிற நாமும் டிரம்மை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவோம். உள்ளே புருஷனை இழந்த ஓர் அக்கா, அவருடைய சின்னப் பெண்.

"அது மாதா கோயில்காரங்க வூடு. அவங்க ஆளுங்க பாத்துக்குவாங்க, வாப்பா" என்றார் டிரம் அடிக்கிற மாமா.

"துக்கத்துக்கு எந்தச் சபை மாமா? ஆண்டவரு பொறந்ததே இந்த மாதிரி வூட்டுக்காகத்தான்" என்று கேட்டைத் திறந்தீர்கள்.

எனக்குப் பொடி ஞாபகம் வந்தது. அங்கே போய்த் தும்மிவிட்டால்? தும்மினீர்கள். அடுக்கடுக்காக. தாடி கழன்று பறந்து அந்தக் குட்டியின் மடியில் விழுந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவுங்கப்பா போனதுலேர்ந்து இன்னிக்குத்தான் சிரிக்கிது" என்றார் அந்த அக்கா.

வெளியே வந்ததும் என் காதைத் திருகினீர்கள். "பொடி ஒன் வேலதானே? நாளைக்கும் போடு."

இந்த வருஷம் உங்கள் வீட்டில் ஸ்டார் இல்லை அண்ணே. நெஞ்சுவலியில் நீங்கள் போன பிறகு முகமூடி என்னிடம் வந்தது. தொப்பைக்கு இரண்டு தலையணை. நேற்று உங்கள் வீடு நெருங்கியதும் டிரம் நின்றது.

"அந்தப் புள்ள தாங்காதுப்பா. தாண்டிடலாம்" என்றார் மாமா.

இப்போதெல்லாம் மாதா கோயில் பிள்ளைகளும் நம்மோடுதான் பாட வருகிறார்கள். அந்தக் குட்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். "தும்முற தாத்தா வூடுண்ணா. போவலாம்."

போனோம். அண்ணி வாசலை மறித்து நின்றார். "இந்த வருஷம் எதுவும் வேணாம்பா."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல்தான் வந்தது. எனக்கு நானே போட்டுக்கொண்ட பொடி. அண்ணி என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அவரு மாதிரியே தும்முறியேடா பாவி! எல்லாரும் உள்ள வாங்க, டீ போடுறேன்."

குட்டி, போன வருஷம் நீங்கள் கொடுத்த கோணல் வாத்தை உங்கள் படத்தின் முன்னால் வைத்தாள். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

தாடியைத் துவைக்கப் போவதில்லை அண்ணே. அடுத்த டிசம்பரில் எந்த வீட்டில் ஸ்டார் இல்லையோ, அங்கேதான் முதல் தும்மல்.